இரண்டு முன்வாசல் உள்ள கூடம்

எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்துக்கு இரண்டு முன்வாசல் உண்டு, கொல்லைப்புறம் கிடையாது. இது சாமி கொடுத்த அமைப்பு இல்லை, சண்டை கொடுத்த அமைப்பு. கரைமேல்குடிப் பேரூராட்சியும் ஊரிலிருக்கிற பதினோரு சங்கங்களும், அதாவது மகளிர் குழுக்கள், வர்த்தகர் சங்கம், ரத்ததானக் குழு, ஆட்டோ ஸ்டாண்டு, ஓய்வுபெற்றோர் சங்கம், அப்புறம் லெட்டர்பேடு மட்டுமே உள்ள இரண்டு மூன்று, எல்லாம் கைகோத்து ஆளுக்குப் பாதி கட்டுவதாகப் பேசினார்கள். பேரூராட்சி கிழக்குக் கோடியிலும் சங்கங்கள் மேற்குக் கோடியிலும் ஒரே நல்ல நேரத்தில் பூமி பூஜை போட்டு, முதல் வேலையாக அவரவர் வாசலையும் படியையும் கல்வெட்டையும் கட்டிக்கொண்டு நடுவைப் பார்த்து வந்தார்கள். நடுவில் வந்து முட்டிய பிறகுதான் கட்டடம் நூற்றுப்பத்தடி நீளத்துக்கு ரயில் பெட்டி மாதிரி நிற்பது கண்ணில் பட்டது. திறப்பு விழாவும் இரண்டு. இரண்டுக்கும் மைக் செட் போட்டவன் நான்தான், பக்கிரிசாமி, வாணி சவுண்ட் சர்வீஸ். மைக் செட்காரன் எல்லாப் பேச்சையும் கேட்கிறவன், எந்தப் பேச்சுக்கும் கை தட்டாதவன், அதனால் நான் சொல்வதை நீங்கள் நம்பலாம். நம்பாவிட்டாலும் எனக்கு வாடகை வந்துவிடும்.

மாதா மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்குக் கூட்டுக்கூட்டம். கிழக்குப் பக்கம் தலைவர் வேதமூர்த்தியும் வார்டு மெம்பர்களும், மேற்குப் பக்கம் சங்கத்தார். அவர்களுக்கு முன்வரிசையில் மகளிர் கூட்டமைப்புத் தலைவி ஜெபமாலை, மைக்கே தேவைப்படாத, என் பிழைப்பைக் கெடுக்கிற குரல் அந்த அம்மாவுக்கு. நடுவில் தீர்மானப் புத்தகத்தோடு கிளார்க் குணசீலன். கூட்டத்தில் என்ன நடந்தாலும் அவர் எழுதுவது ஒன்றுதான்: ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது. ஒருதடவை வர்த்தகர் சங்கச் செயலாளர் ஆறாவது வார்டு மெம்பர் தலையில் மோரைக் கொட்டினார், அன்றைக்கும் ஏகமனதாகத்தான். பாவம், குணசீலன் மேல் குற்றமில்லை, அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் எழுதினார், புத்தகத்துக்கு அந்த வார்த்தை பழகிப்போயிருந்தது.

இப்படி இருக்கையில் ஆனி மாதத்துக் கூட்டத்தில், எட்டாவது பொருள் முடிந்து எல்லோருக்கும் கண் சொருகிக்கொண்டு வந்த நேரத்தில், ஆட்டோ ஸ்டாண்டு ஹாஜா மைதீன் எழுந்து, "தலைவரே, கூட்டம் முடிஞ்சப்புறம் வடை குடுக்கிறீங்க, அது ஆறி அவலாப் போயிடுது, இனிமே கூட்டத்துக்கு முன்னாடியே குடுத்துட்டா என்ன?" என்று கேட்டார். கேட்டதுதான் தாமதம், கிழக்குப் பக்கம் பதினைந்து கையும் மேற்குப் பக்கம் இருபத்திரண்டு கையும் ஒன்றாக மேலே போயின, பேச்சில்லை, முணுமுணுப்பில்லை, முப்பத்தேழு வயிறும் ஒரே எண்ணத்தில் இருந்தன. குணசீலன் வழக்கம்போல ஏகமனதாக என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தார், கூடம் தரையை விட்டு நாலடி எழும்பியது.

ஜன்னல் வழியே வேப்பமரம் கீழே இறங்குவதைப் பார்த்து, சரி, மரம் இறங்கவில்லை, நாம்தான் ஏறுகிறோம் என்று புரிந்துகொண்டோம். மெத்தென்றுதான் இருந்தது. "எழும்பியிருக்கு" என்றார் தலைவர். "ஆமா, எழும்பித்தான் இருக்கு" என்றார் ஜெபமாலை. அவர்கள் இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதும் கூடம் இன்னும் ஒரு அடி ஏறியது. அப்புறம் யாரோ, வடை என்றால் உளுந்து வடையா பருப்பு வடையா என்று கேட்டு வைக்க, மகளிர் குழு உளுந்து என்க, மெம்பர்கள் பருப்பு என்க, பேச்சு தடித்து, கூடம் தொப்பென்று பழைய இடத்தில் உட்கார்ந்தது. என் ஆம்ப்ளிஃபயரில் ஒரு பித்தான் கழன்றதைத் தவிர சேதம் இல்லை.

அடுத்த கூட்டத்துக்குள் ஊர் அதைப் பழகிக்கொண்டது. பேரூராட்சி ஒரு ஏணி வாங்கிப் போட்டது, சங்கங்கள் இன்னொரு ஏணி வாங்கிப் போட்டன, ஆளுக்கு ஒரு வாசல் ஆயிற்றே. கூடம் பறந்து போய்விடக் கூடாதென்று நாலு மூலைக்கும் வடம் கட்டி நாலு வேப்பமரத்தில் முடிந்தார்கள். அது எந்தக் காரியத்துக்காக எழும்புகிறதோ அந்தக் காரியம் இருக்கிற திசைக்குச் சாய்ந்து வடத்தை இழுக்கும் என்பதும் தெரிந்தது, மாட்டைத் தொட்டிப் பக்கம் ஓட்டினால் இழுக்குமே, அந்த மாதிரி. மூன்றாம் தெரு விளக்குக்கு மனசார ஒத்துக்கொண்ட அன்றைக்குத் தென்னைமர உயரம் போய் மூன்றாம் தெருப் பக்கம் சாய்ந்து நின்றது. காற்று என்ன காற்று, ஜெபமாலை அம்மாவின் முந்தானை தலைவர் முகத்தில் போய் அடிக்க, இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் இன்னும் ரெண்டடி.

அந்த ருசிதான் ஊரைக் கெடுத்தது, அல்லது திருத்தியது, எதையாவது வைத்துக்கொள்ளுங்கள். மேலே போகிற ஆசையில் ஒத்துக்கொள்ள விஷயம் தேடி அலைந்தார்கள். பொய்யாகக் கை தூக்கினால் கூடம் அசையாது, அதை ஏமாற்ற முடியாது, அதனால் நிஜமாகவே ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது, ஒத்துக்கொண்டதை அடுத்த கூட்டத்துக்குள் செய்ய வேண்டியிருந்தது, செய்யாவிட்டால் மறுபடி எழும்பாது. சாக்கடையை மெம்பர்களும் ரத்ததானக் குழுவும் சேர்ந்து தூர்வாரினார்கள். பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குப் பேரூராட்சி கதவு போட, ஆட்டோக்காரர்கள் தாழ்ப்பாள் போட்டார்கள். செவ்வாய்க்கிழமை என்றால் ஊரே கூட்டத்துக்கு வந்து, இடம் பிடித்து, கை தூக்க உரிமை இல்லாதவர்களும் ஆசைக்கு ஒரு விரலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

சரி, ஏறியாகிவிட்டது, இறங்குவது எப்படி? அதற்கும் வழி செய்தார்கள். கடைசிப் பொருளாக எப்போதும் ஒன்றையே வைத்தார்கள்: கூடத்துக்கு எது முன்வாசல்? தலைவர் கிழக்கு என்பார், ஜெபமாலை மேற்கு என்பார், கல்வெட்டில் இருக்கிற பெயரிலிருந்து கொடி வழிப் பங்காளி வரை இழுத்துப் பேசி முடிப்பதற்குள் கூடம் பூப்போலத் தரையில் இருக்கும். அந்த வழக்கைத் தீர்க்கவே கூடாது என்பதில் மட்டும் இரண்டு தரப்புக்கும் ரகசிய ஒற்றுமை.

இத்தனை கூத்திலும் ஒரே ஒருத்தி மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பாள். பதினைந்தாவது வார்டு மெம்பர் செங்கமலம். அவள் வார்டு நாணல்திட்டு, ஆற்றுக்குக் கிழக்கே, நாற்பது வீடு. ஆறு என்றால் அகலம் தொண்ணூறு அடிதான், ஆனால் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அந்தத் தொண்ணூறு அடிக்குள் எமனும் குடும்பமும் குடியிருப்பார்கள், தோணிக்காரன் தோணியைத் தூக்கி மரத்தில் கட்டிவிடுவான். இரண்டு வருஷம் முந்தி செங்கமலத்தின் வீட்டுக்காரரைப் பாம்பு கடித்து, அக்கரையில் கிடத்தி, இக்கரையில் நின்ற ஆம்புலன்ஸின் விளக்கைப் பார்த்துக்கொண்டே அவர் போய்ச் சேர்ந்தார். அவளுக்கு வேண்டியது ஒரு நடைபாலம். நாலு வருஷமாக அநேகமாக ஒவ்வொரு கூட்டத்திலும் அதே கோரிக்கை. "தன்னார்வ அமைப்புகள் முன்னெடுத்தா பேரூராட்சி பின்னால நிக்கும்" என்பார் தலைவர். "பேரூராட்சி முன்னால போனா நாங்க பின்னால தோள் குடுப்போம்" என்பார் ஜெபமாலை. இரண்டு பேரும் பின்னாலேயே நின்றால் முன்னால் யார் போவது, ஆறுதான் போய்க்கொண்டிருந்தது. எல்லாக் கையும் மேலே போகும், குணசீலன் ஏகமனதாக என்று எழுதுவார். கூடம் எழும்ப ஆரம்பித்த பிறகும் அதேதான். செங்கமலம் தன் முன்னால் இருக்கிற தேநீர்த் தம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பாள். அது ஒரு சொட்டுகூட ஆடாது. கூட்டம் முடிந்ததும் குடிக்காமலே தம்ளரை மூடி வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

ஐப்பசிக் கூட்டம். மூன்று நாள் மழை விட்டு வெறித்திருந்தது, ஆறு கரை தொட்டுக்கொண்டு போனது. செங்கமலம் மழைக்கு முந்தின நாள் ரேஷன் வாங்க வந்தவள் இக்கரையிலேயே மாட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாவது பொருள் நடக்கும்போது அவளுக்குப் போன் வந்தது. பேசிவிட்டு எழுந்து நின்றாள்.

"மருமவளுக்கு வலி எடுத்துடுச்சாம்" என்றாள். "நாள் இன்னும் பத்து இருக்கு. தலைப்புள்ள. பையன் திருப்பூர்ல இருக்கான். திட்டுல மருத்துவச்சியும் இல்ல, தோணியும் இல்ல."

அவளுடைய மருமகள் ரூபாவதியை எங்களுக்கெல்லாம் தெரியும், கல்யாணத்துக்கு இதே கூடம்தான், இதே மைக் செட்தான்.

யாரும் தீர்மானம் படிக்கவில்லை, யாரும் கை தூக்கச் சொல்லவில்லை. தலைவர் எழுந்தார், ஜெபமாலை எழுந்தார், "கூட்டியாந்துடுவோம்" என்றார்கள் ஒரே வாயாக, அந்த வாக்கியம் முடிவதற்குள் கூடம் ஏறிய வேகத்தில் என் ஸ்பீக்கர் பெட்டி உருண்டு போய் ஓய்வுபெற்றோர் சங்கத்தின் மடியில் விழுந்தது. வடம் நாலும் கிழக்கே விறைத்தன, வேப்பமரம் வேரோடு முனகியது. வடத்தை அறுக்கக் கத்தி இல்லை. தலைவர் ஓடிப்போய் அலமாரியிலிருந்து ரிப்பன் வெட்டுகிற கத்தரிக்கோலைக் கொண்டுவந்தார். அந்தக் கத்தரிக்கோலை யார் பிடிப்பது என்று எங்கள் ஊரில் மூன்று திறப்பு விழா நின்றுபோயிருக்கிறது, ஐயா. அன்றைக்கு ஒரு காதில் தலைவர் விரலை விட்டார், மறு காதில் ஜெபமாலை விரலை விட்டார், நாலு வடத்தையும் நறுக்கென்று நறுக்கினார்கள்.

பறந்தோம். கடைத்தெரு கீழே போயிற்று, தண்ணீர்த் தொட்டி கீழே போயிற்று, மொட்டைமாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் தலைக்கு மேல் நிழல் போவதைப் பார்த்து, மழையாக்கும் என்று வடகத்தை அள்ளினார்கள். எனக்குத் தலை கிறுகிறுத்தது, பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். குணசீலன்கூட ஜன்னலில் தலையை நீட்டிச் சிரித்தார், அந்த மனிதருக்குப் பல் இருக்கிறதென்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

திட்டுக்கு மேல் வந்து, பனைமரத்துக்கு ஒரு ஆள் உயரம் மேலே கூடம் நின்றது. நின்றது நின்றதுதான். கீழே கயிற்றுக் கட்டிலில் ரூபாவதி, சுற்றி நாலு பொம்பளைகள், எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி. எங்களிடம் இருந்த ஏணி பதினாறடி.

"கடைசிப் பொருளை எடுங்க" என்றார் குணசீலன்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். எங்கே, மனசு முழுக்கப் பூரித்துப்போயிருக்கிற ஆளுக்குச் சண்டை எங்கிருந்து வரும். "எது முன்வாசல்னு கேட்டா… உங்க வாசல்தாம்மா முன்வாசல்" என்று சொல்லிவிட்டார். ஜெபமாலைக்குக் கண் கலங்கியது. "இல்லண்ணே, கிழக்குப் பாத்ததுதான் முறை, உங்களுதுதான்" என்றார். கூடம் இன்னும் பத்தடி ஏறியது. உளுந்து வடை, பருப்பு வடை என்று ஹாஜா மைதீன் எடுத்துக் கொடுத்துப் பார்த்தார், இரண்டுமே நல்லதுதானே என்று நாலு பேர் சொன்னார்கள். மோர் கொட்டினவரும் மோர் வாங்கினவரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். ஏறிக்கொண்டே போகிறது கூடம். கீழே கட்டில் தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்துவிட்டது, அதிலிருந்து அந்தப் பெண் கத்துகிற சத்தம் மட்டும் சிறுக்கவில்லை.

அப்போதுதான் செங்கமலம் என்னிடம் வந்து, "பக்கிரி அண்ணே, மைக்கக் குடுங்க" என்றாள். நாலு வருஷத்தில் அவள் மைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"வடைக்கு நாலடி எழும்புச்சு" என்றாள். "தெருவெளக்குக்குத் தென்னைமர உசரம். எம் பாலத்துக்கு? நாலு விரக்கடை எழும்பியிருக்குமா? நாப்பத்தியோரு தடவ கை தூக்குனீங்க. ஒரு தடவகூட என் தம்ளர்ல டீ ஆடல. உங்க கையி பொய்யின்னு கூடமே சொல்லுச்சு, அத நான் பாத்தேன், நீங்களுந்தான் பாத்தீங்க. பாத்துட்டு அடுத்த பொருளுக்குப் போனீங்க. என் வீட்டுக்காரரு செத்ததுக்கு ரெண்டு நிமிசம் எழுந்து நின்னீங்களே, அதையும் ஏகமனதாகன்னுதான எழுதி வச்சிருக்கீங்க? இப்ப என் மருமவ கெடக்கா. மேல நின்னு கொஞ்சிக்கிட்டு இருக்கீங்க, உங்களுக்கெல்லாம் வெக்கமா இல்ல?"

அவளுக்குக் குரல் உடையவில்லை, எங்களுக்குத்தான் உடைந்தது. அப்புறம் தலைவர் மெல்ல, "நாங்க எப்பவோ தயார்தான், இவங்கதான் முன்னெடுக்கல" என்று வாயை விட்டார். "யாரு, நாங்களா? மூணு மனு குடுத்தோம், எந்த அலமாரியில எலி தின்னுச்சுன்னு கேளுங்க" என்று ஜெபமாலை எழுந்தார். மனு வரவில்லை என்றார் ஒரு மெம்பர், வந்ததற்கு ரசீது இருக்கிறது என்றது வர்த்தகர் சங்கம், ரசீது பொய் என்றது ஆறாவது வார்டு, நாலு வருஷத்து அழுக்கு அத்தனையும் சந்திக்கு வந்தது. நாங்கள் நடித்துப் போடுகிற சண்டை இல்லை அது, நிஜச் சண்டை. கூடம் கல்லைப் போல இறங்கி, சோளக் கொல்லையில் திம்மென்று உட்கார்ந்தது.

ரூபாவதியைக் கட்டிலோடு கிழக்கு வாசல் வழியாக உள்ளே ஏற்றினோம். திட்டுப் பெண்கள் நாலு பேரும் கூடவே ஏறினார்கள். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு, ஆஸ்பத்திரி, என்று மட்டும் சொன்னோம். வெட்கத்தோடு ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொண்டது ஒத்துக்கொண்டதுதான் போலிருக்கிறது, கூடம் மறுபடி எழும்பி மேற்கே திரும்பியது. ஆனால் வந்த வேகம் இல்லை, காலில் முள் தைத்தவன் நடக்கிற மாதிரி, மரத்துக்குப் பாதி உயரத்தில், மெதுவாகத்தான் போயிற்று. குழந்தை அதுவரை பொறுக்கவில்லை. மகளிர் குழுக்காரர்கள் சுற்றிச் சேலையைப் பிடிக்க, ஜெபமாலை உள்ளே போய், ஆற்றுக்கு நட்டநடுவில் வந்தபோது, சேலைக்கு உள்ளிருந்து ஒரு அழுகை கேட்டது. பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம் என்று ஜெபமாலை மைக் இல்லாமல் சொன்னது இரண்டு கரைக்கும் கேட்டிருக்கும். தலைவர் அழுதார். நானும்தான். கூடம் குலுங்கிக் குலுங்கி மேலே ஏறப் பார்த்தது.

செங்கமலம் பேத்தியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். கிழக்கு வாசல் வழியே பார்த்தாள், நாணல்திட்டுக் கரை. மேற்கு வாசல் வழியே பார்த்தாள், கரைமேல்குடிக் கரை. மறுபடி கிழக்கே, மறுபடி மேற்கே. அவள் மைக் செட்டுக்குப் பக்கத்தில்தான் நின்றாள், அதனால் நான் மட்டும் அவள் முகத்தைப் பார்த்தேன். துணி வெட்டுவதற்கு முன்னால் தையற்காரர் முழம் போட்டுப் பார்ப்பாரே, அப்படி ஒரு பார்வை. பிறகு, வெகு சாதாரணமாக, "ஆமா, புள்ளைக்கு என்ன பேரு வைக்கலாம்?" என்றாள்.

அவ்வளவுதான். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க அம்மா பேரு காந்திமதி, அதுதான் பொருத்தம்" என்றார். கையில் ஏந்தினவள் நான், பேர் வைக்கிற உரிமையும் எனக்குத்தான் என்றார் ஜெபமாலை. மல்லிகைக் குழு மல்லிகை என்றது, செம்பருத்திக் குழு செம்பருத்தி என்றது, வானத்தில் பிறந்ததால் மேகலா என்றார்கள் ஓய்வுபெற்றோர், ஆற்றில் பிறந்ததால் கங்கா என்றது வர்த்தகர் சங்கம், பிறந்தது ஆற்றிலா வானத்திலா என்று அதிலேயே ஒரு கிளைச் சண்டை. ரத்ததானக் குழு மட்டும் முதலில் குழந்தையின் குரூப் என்ன என்று கேட்டது. சந்தோஷத்தில் போடுகிற சண்டைக்கு இருக்கிற வேகம் கோபத்தில் போடுகிற சண்டைக்குக்கூடக் கிடையாது. கூடம் ஆடி, அசைந்து, தண்ணீரின் சாரல் ஜன்னலில் தெறிக்க, கிழக்குப் படி திட்டுக் கரையிலும் மேற்குப் படி ஊர்க் கரையிலுமாக, நூற்றுப்பத்தடி உடம்பையும் நீட்டி ஆற்றின் மேல் படுத்தது. கீழே ஆறு போய்க்கொண்டிருந்தது.

ரூபாவதியை மேற்கு வாசல் வழியாக இறக்கினோம். யாரோ போன் போட்டு வரவழைத்த ஆம்புலன்ஸ் நின்றது. பேர் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போய், திரும்பிப் பார்த்த பிறகுதான் எங்களுக்கே விஷயம் உறைத்தது: அந்தப் பக்கத்துக் கிழக்கு வாசல் வழியாக, ஒரு ஆடு, அதற்குப் பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு ஆள், யாரையும் கேட்காமல் கூடத்துக்குள் நுழைந்து இக்கரைக்கு வந்துகொண்டிருந்தார்கள். செங்கமலம் வாசற்படியில் உட்கார்ந்து அன்றைக்குத்தான் சிரித்தாள்.

இன்றைக்கும் கூடம் அங்கேதான் இருக்கிறது. மேலிடத்து அதிகாரி ஒருவர் வந்து, கட்டடத்துக்கு எது முன்வாசல் என்று கேட்டார். இரண்டு கரையும் தங்கள் வாசலைக் காட்டின, இரண்டும் சரி என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். செவ்வாய்க்கிழமைக் கூட்டம் அதிலேயே நடக்கிறது, நடுவே வழி விட்டு நாற்காலி போடுகிறோம், பால்காரனும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் தீர்மானத்துக்குக் குறுக்கே போவார்கள் வருவார்கள். குணசீலன் இப்போதெல்லாம் ஏகமனதாக என்று எழுதுவதற்கு முன் தம்ளரை ஒருதடவை பார்க்கிறார்.

ஒரே ஒரு பயம்தான். எல்லோரும் ஒருநாள் மனசார எதற்காவது ஒத்துப்போய், கூடம் பழையபடி எழும்பிவிட்டால்? அதற்காகத்தான் ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் பொருளாகக் குழந்தையின் பெயரை எடுத்து, நன்றாகச் சண்டை போட்டு, சூடு ஆறாமல் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கிறோம். மற்றக் காரியமெல்லாம் அதற்கப்புறம்தான். அவளுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. குணசீலன் கொடுத்த பிறப்புச் சான்றிதழில் பெயருக்கான இடம் இன்னும் காலி. மேற்கு வாசலில் ஒரு பெயர், கிழக்கு வாசலில் ஒரு பெயர், நடுவில் பதினோரு பெயர், எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறாள்.

செங்கமலம் ஒரு பெயர் வைத்திருக்கிறாள். கூடத்தை விட்டு இறங்கி, திட்டுக் கரையில் கால் வைத்த பிறகு, குனிந்து பேத்தியின் காதில் மட்டும் சொல்லிக் கூப்பிடுவாள். திட்டுத் திருவிழாவுக்கு மைக் செட் போடப் போனபோது நான் கேட்டுவிட்டேன். நல்ல பெயர். கூட்டத்தில் எடுத்துச் சொன்னால் தலைவரும் தலையாட்டுவார், ஜெபமாலையும் தலையாட்டுவார், மறுத்துப் பேச ஒருத்தர் வாயும் வராது. அதனால்தான் நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடமும் சொல்லப்போவதில்லை.